திரை போடாத வெளிச்சம்

போன வாரத்திலிருந்து அவள் தன் கொழுந்தனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணியும் கொழுந்தனும் முறைத்துக்கொள்ளாத குடும்பம் எது? ஆனால் இந்த இரண்டு பேருக்கும் பேசிக்கொள்வதுதான் பிழைப்பு. ஊரின் ஒரு கோடியில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து அவன் வெளிச்சத்தை அனுப்புவான். மறுகோடியில், பழைய தொலைபேசி நிலையத்தின் நிலவறையில் உட்கார்ந்து அவள் அதை வாங்குவாள். நடுவில் சாலைகளுக்கும் ஒரு பாலத்துக்கும் அடியில் முடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை ஓடியது.

அந்த இழை வழியாகப் போவது கடிதமும் அல்ல, பேச்சும் அல்ல, ரகசியச் சாவி. வெளிச்சத்தின் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சாய்வு உண்டு. நிமிர்ந்து நிற்கலாம், படுத்துக் கிடக்கலாம், வலது பக்கமோ இடது பக்கமோ சரிந்திருக்கலாம். அவன் அந்த நாலையும் மாற்றி மாற்றி அனுப்ப, அவள் பக்கம் உள்ள நாலு மின்கண்கள் வந்தது எது என்று பார்த்துச் சொல்லும். அதிலிருந்து இரண்டு கோடியிலும் ஒரே சாவி பிறக்கும். நடுவில் எவனாவது எட்டிப் பார்த்தால் துகளின் சாய்வு கலைந்துவிடும். இங்கேயும் அங்கேயும் ஒத்துப்போகாது. அப்படி ஒத்துப்போகாதவை நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டினால், இயந்திரம் கூச்சல் போட்டு, சேர்ந்த சாவியைத் தூக்கி எறிந்துவிடும்.

ஆனால் இழை என்ன சாமியாரா, எதற்கும் அசையாமல் இருக்க? வெயில் பட்டால் முறுக்கிக்கொள்ளும். பாலத்தின் மேல் லாரி போனால் நடுங்கும். அங்கே நிமிர்ந்து கிளம்பியது இங்கே கோணிக்கொண்டு வந்து சேரும். அப்போதும் பிழைதான் ஏறும். திருடன் புகுந்ததா, இழை கோணியதா என்று இயந்திரத்துக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆகவே தினமும் காலையில் இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே சாய்வை நேர் செய்ய வேண்டும்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். அவன் தன் மேஜையிலுள்ள கறுப்புக் கண்ணாடி வில்லையை வெளியே இழுத்துவிடுவான். அதற்குத் திரை என்று பெயர். திரை இருந்தால் துகள்கள் ஒவ்வொன்றாகத்தான் போகும். எடுத்துவிட்டால் கூட்டமாகக் கிளம்பும். வழியில் பெரும்பங்கு கரைந்தாலும், சாதாரண மீட்டரில் தெரியும் அளவுக்கு வந்து சேரும். அவள் தன் மின்கண்களை மூடிவிட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே மூன்று வட்டத் தகடுகளைத் திருகுவாள். இழையைச் சுற்றிவைத்த அந்தத் தகடுகள் பார்ப்பதற்குக் காது மாதிரி இருக்கும், பெயரும் காதுதான். சாய்வு கோணினால் தப்பான பக்கம் கசியும் வெளிச்சத்தை மீட்டர் காட்டும், முள் அடியில் படுத்தால் நேர் என்று அர்த்தம். முதலில் நிமிர்ந்ததை நேர் செய்வாள், அப்புறம் சரிந்ததை. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டும் படிந்ததும் அவன் திரையை உள்ளே தள்ளிவிட்டு, "திரை போட்டாச்சு" என்பான். மீட்டரை மொத்த வெளிச்சத்துக்கு மாற்றி, முள் விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்த பிறகு அவள் "இருட்டு" என்பாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் வேலை ஆரம்பம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த வழக்கத்தை அவர்களே உண்டாக்கி, ஒரு நாளும் தவறாமல் காப்பாற்றி வந்தார்கள்.

போன வாரக் கூட்டத்தில் எல்லாம் கெட்டது.

மதியமானால் பிழை ஏறுகிறது, ஏன் என்று மேலாளர் கேட்டார். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'ஸ்லைடு'. வணக்கம் சொல்வதற்குக்கூடத் திரையில் ஒரு படம் காட்டுவார் என்று சொல்லிக்கொள்வார்கள். இவளுக்கும் ஒரு பெயர் இருந்தது: 'பாய்லர்'. அது அவள் காதில் விழாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

"என் பக்கம் எல்லாம் நேரா இருக்கு சார்" என்றான் கொழுந்தன். "அண்ணிதான் அங்க காதை அவசரத்துல திருகிடறாங்க. கோபம் வந்தா கை நிக்காது, பாவம்."

மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு ஓடியது.

"உன் ஜன்னல் ஓரத்துல இழை சுருண்டு கிடக்குதே, அது மேலதான மதியம் வெயில் விழுது?" என்றாள் அவள். "ஒட்டி வை, ஒட்டி வைன்னு எத்தனை தடவை தொண்டை வத்தக் கத்தினேன்! உன் சோம்பேறித்தனத்துக்கு என் கை மேல பழியா?"

"பாருங்க சார். இதைத்தான் சொன்னேன்."

இந்தத் தடவை சிரிப்பு பெரிதாக வந்தது. ஸ்லைடும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கையிலிருந்த பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "மேடம், வாங்கற ஆபீசுக்கு லைனை ஒப்படைக்கற அன்னைக்கும் பிழை ஏறுச்சுன்னா, அந்த ரூமை வேற ஆள் பாத்துக்கட்டும். ஸ்டோர்ல உங்களுக்கு ஒரு இடம் இருக்கு. அமைதியா இருக்கும். மனசுக்கும் நல்லது."

அந்த நிலவறையில் ஒரு ஆணிகூட இல்லாத காலத்தில் வந்தவள் அவள். தரையின் ஈரத்தைக் காயவைத்து, அதிராத மேஜை போட்டு, நாலு கண்களையும் தன் கையால் பொருத்தியவள். அதை விட்டுவிட்டு அட்டைப்பெட்டி எண்ணப் போவதா? அதுவும் யார் வாயால்? வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, கையைப் பிடித்துக் கூட்டிவந்து இதே ஸ்லைடின் முன் உட்காரவைத்தவள் அவள்தான்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. காலை நேரத்துச் சாய்வு வேலைகூட எழுத்துச் செய்தியில்தான் நடந்தது. 'நிமிர்ந்தது அனுப்பு.' 'அனுப்பினேன்.' 'திரை?' 'போட்டாச்சு.' 'இருட்டு.' அவ்வளவுதான்.

வீட்டில் கணவன் பாடுதான் திண்டாட்டம். அவர் லிப்ட் மெக்கானிக்.

"ரெண்டு மாடிக்கும் நடுவுல மாட்டின லிப்ட் மாதிரி ஆயிடுச்சு என் நிலைமை" என்றார் ஒப்படைப்புக்கு முதல் நாள் இரவு, தட்டைக் கழுவிக்கொண்டே.

"அப்ப அலாரத்தை அழுத்துங்க."

"அழுத்தினா வந்து தொறக்க வேண்டிய ஆளே நான்தானே?" அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலை இறக்கினார். "சின்னப் பையன், விடேன்."

"முன் மண்டை வழுக்கையாயிடுச்சு உங்க சின்னப் பையனுக்கு! நாலு பேர் முன்னாடி என் கை நடுங்குதுன்னு சொன்னான். உங்க ஆபீஸ்ல எவனாவது உங்களைப் பாத்து, இவருக்குக் கயிறு கட்டத் தெரியாதுன்னு சொன்னா விடுவீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "விடமாட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, மீதித் தட்டையும் கழுவினார்.

ஒப்படைப்பு நாள் காலை. நிலவறையை அடையாளமே தெரியவில்லை. ஸ்லைடு யாரையோ விட்டு நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டிருந்தார். சுவரில் பெரிய திரை மாட்டி, அதில் பிழை எண் மட்டும் பெரிதாகத் தெரிய ஏற்பாடு. கருவிகளின் சிவப்பு விளக்குகள் மேலெல்லாம் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"இது என்ன கூத்து?"

"வர்றவங்க கண்ணுல சிவப்பு படக்கூடாது மேடம். சிவப்புன்னாலே ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்க" என்றார் ஸ்லைடு. "பச்சையெல்லாம் விட்டு வச்சிருக்கேன்."

வரப்போவது சாட்சிகளைப் பாதுகாக்கும் அலுவலகத்தின் அதிகாரி. பெரிய வழக்குகளில் சாட்சி சொல்லிவிட்டு, பேரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழும் குடும்பங்களின் முகவரிகள் அந்த அலுவலகத்திடம் இருந்தன. இனி அவை இந்த இழையில் பிறக்கும் சாவியால் பூட்டப்பட்டுப் போகும். முதல் தொகுதியை இன்றே அனுப்பிப் பார்ப்பதாகத் திட்டம்.

காலைச் சாய்வு வேலைக்கு ஸ்லைடே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு எழுத்துச் செய்தியெல்லாம் வேண்டாம், நேரம் ஆகும், பேசி முடியுங்கள் என்றார். "நான் பேசமாட்டேன், நீங்க சொல்லுங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். ஆகவே கல்யாணத் தரகர் மாதிரி அவர் நடுவில் நின்றார்.

"நிமிர்ந்தது அனுப்பச் சொல்லுங்க."

"நிமிர்ந்தது வேணுமாம்பா... அனுப்பிட்டாராம்."

அவள் காதுகளைத் திருகினாள். முள் இறங்கியது.

"சரிஞ்சது."

"சரிஞ்சதாம்... யார் காதைத் திருகறீங்கன்னு கேக்கச் சொல்றாரு."

"இங்க இருக்கற காதைத்தான். அந்தக் காது கைக்கு எட்டல, அதனால தப்பிச்சிருக்குன்னு சொல்லுங்க."

ஸ்லைடு அதைச் சொல்லவில்லை. அதற்குள் வாசலில் இருந்து யாரோ படியிறங்கி ஓடிவந்து, அதிகாரியின் கார் வந்துவிட்டது என்றார்கள். சரிந்தது இன்னும் முழுதாகப் படியவில்லை. இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது.

"போதும் மேடம், போதும். அங்க எல்லாம் ஓகேன்றாரு. கட் பண்ணட்டுமா?"

திரை என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. கேட்க வேண்டும் என்றால் போனைப் பிடுங்கி அவன் குரலைக் கேட்க வேண்டும். 'யார் காதைத் திருகறீங்க'வாம். கேலி. இன்றைக்கும் கேலி.

"பண்ணுங்க" என்றாள். மீட்டரைக் கழற்றிவிட்டு மின்கண்களைத் திறந்தாள்.

அதிகாரி ஐம்பதைத் தாண்டிய, தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட பெண். வெள்ளை உறை போட்ட நாற்காலியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த மர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு சாம்பல் நிறப் பை. அதை ஒரு முறைகூடக் கீழே வைக்கவில்லை.

"இதுல இருக்கறது வெறும் முகவரிதான்" என்றாள். "ஆனா ஒண்ணு வெளிய போனா, வேற வீடு பாத்துக் கொடுத்துடலாம்னு நினைக்காதீங்க. குடிவைக்க ஆள் இருக்க மாட்டாங்க. எனக்கு உங்க படமெல்லாம் வேண்டாம். இது பாதுகாப்பா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

ஸ்லைடு முதல் படத்தை மூடிவிட்டு, சுவரைக் காட்டினார். எண் ஓடத் தொடங்கியிருந்தது. ஒன்று. பூஜ்யம் புள்ளி ஏழு. பூஜ்யம் புள்ளி நாலு. அங்கேயே நின்றது.

"நூத்துக்கு அரை கூட இல்ல!" என்று ஸ்லைடு கை தட்டினார். அவரோடு வந்தவர்களும் தட்டினார்கள். ஸ்லைடு ஒரு நிமிடம் மறுபடி அழைத்துப் பிடித்த போனில் அந்தக் கோடியிலும் யாரோ தட்டுவது கேட்டது. "சாவி கொட்டுது பாருங்க மேடம். வழக்கத்தைவிடப் பல மடங்கு." பிறகு இவள் பக்கம் குனிந்து, அதிகாரிக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "பாத்தீங்களா? கோபப்படாம செஞ்சா எவ்வளவு சுத்தமா வருது."

அவள் முகம் சுட்டது. அப்படியானால் இத்தனை நாளும் கோணல் தன் கையில்தானா? அவன் சொன்னதுதான் உண்மையா? ஒரு நிமிடம் அவள் அதை நம்பிக்கூட விட்டாள். அந்த ஒரு நிமிடத்துக்காக அப்புறம் பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏனென்றால் அந்த எண் வரவே முடியாது. அவளுடைய மின்கண்கள் எதுவுமே வராத இருட்டில்கூட அவ்வப்போது தாமாகக் கண் சிமிட்டும். அந்தப் பொய்ச் சிமிட்டல்களே நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிழை தரும். இன்றைக்குக் கடைசிச் சுற்று வேறு பாக்கி. அரையைவிடக் குறைவு என்றால் எங்கிருந்து வந்தது?

அவள் பார்வை கருவி அடுக்கின் மேல் ஓடியது. ஒரு கறுப்பு டேப்பின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. போய் நகத்தால் டேப்பை உரித்தாள்.

ஜோடி விளக்கு. அவளே மாட்டியது. ஒரு துகள் ஒரு கண்ணில்தான் பட முடியும். இரண்டு கண்கள் ஒரே நேரத்தில் பார்த்தால் மட்டும் அந்த விளக்கு மின்னும். வழக்கமாக எப்போதாவது ஒரு முறை மினுக்கென்று அணையும். இப்போது அணையாமல், அடுப்புக் கங்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

துகள் ஒவ்வொன்றாக வரவில்லை. கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. தப்பான கண்ணில் பட்ட துகளோடு சரியான கண்ணிலும் ஒன்று பட்டிருக்கும். ஜோடியாக வந்ததை இயந்திரம் வழக்கப்படி ஒதுக்கிவிடும். தப்பெல்லாம் கணக்கிலேயே சேராமல் ஒழிந்துபோக, மிச்சம் இருப்பது பளிங்கு மாதிரித் தெரிகிறது. கூட்டமாகப் போகிற வெளிச்சத்தில் நடுவழியில் எவன் வேண்டுமானாலும் ஒரு கை அள்ளிக்கொள்ளலாம். சாய்வு கலையாது. பிழை ஏறாது. யாருக்கும் தெரியாது.

நடைவழிக்கு வந்து, போன வாரத்திலிருந்து அழைக்காத எண்ணை அழைத்தாள்.

"அண்ணி!" என்றான் அவன். குரலில் சந்தோஷம் பாதி, பயம் பாதி. "பாத்தீங்களா எண்ணை?"

"திரை எங்கடா?"

அந்தப் பக்கம் அவன் நாற்காலியை விட்டு எழும் சத்தம் கேட்டது.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"மறந்துடுச்சு அண்ணி. சத்தியமா மறந்துதான் போச்சு. நீங்க எப்பவும் இருட்டுன்னு சொல்லுவீங்க இல்ல, அது வரல. சார் கட் பண்ணிட்டாரு. நான் போட்டேன்னே நினைச்சேன். அப்புறம் எண் இறங்குது, எல்லாரும் கை தட்டறாங்க... திரும்பிப் பாத்தா வில்லை வெளிய கிடக்குது."

"பாத்தப்பறம்?"

"அண்ணி, அது வந்து..."

"பாத்தப்பறம் என்னடா பண்ணின?"

"நானும் கை தட்டினேன்" என்றான்.

அவளுக்கு வந்த கோபத்தில் சுவர் மங்கியது.

"அண்ணி, கொஞ்சம் கேளுங்க. இப்ப போட்டா பிழை ஏறி அலாரம் அடிக்கும். நீங்க ஸ்டோருக்கு, நான் வீட்டுக்கு. இன்னைக்கு மட்டும் விட்டுடுங்க. அவங்க போனதும் போட்டுடறேன். ஒரு நாள். எவன் வந்து அள்ளப் போறான்?"

"எவனும் அள்ளலன்னு உனக்கு யார் சொன்னது? மெஷின் சொல்லிச்சா? அது சொல்ற வாயைத்தான் நீ அடைச்சு வச்சிருக்க!"

போனை அணைத்தாள். திரும்பினால் ஸ்லைடு நின்றிருந்தார். பாதியைக் கேட்டிருப்பார் போல. முகம் வெளுத்திருந்தது.

"மேடம், உள்ள வந்து சிரிச்சிட்டு நில்லுங்க" என்றார் மெல்ல. "இதுக்கு மேல இடத்துக்கு நான் பதில் சொல்லணும். உங்களுக்கு ஒரு ரூம்தான் பிரச்சினை. எனக்கு மொத்தக் கிளையும். இன்னைக்கு முடியட்டும், நாளைக்குச் சரி பண்ணிக்கலாம். இல்லன்னா ஸ்டோர்னு சொன்னேனே, அது சும்மா சொன்னதில்ல."

"நாளைக்குச் சரி பண்றதுக்குள்ள இன்னைக்குப் போற முகவரியை யார் திருப்பிக் கொண்டு வருவாங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"அதை அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் வழியை விட்டு நகரவில்லை. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அதிகாரி பையைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அனுப்பாதீங்க" என்றாள் அவள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அந்த எண் பொய்."

கை தட்டிய கைகள் எல்லாம் அப்படியே மடியில் இருந்தன. "அவங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்படற ஆளு" என்று ஸ்லைடு சிரிக்கப் பார்த்தார். "எங்க ஆபீஸ்ல பாய்லர்னே ஒரு பேரு..."

"பாய்லர்தான்" என்றாள் அவள். "கொதிக்க வேண்டிய இடத்துல கொதிக்கும்."

அதிகாரி பையை மூடினாள். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவள் போனை மேஜையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தாள். இப்போது அவன் கையில்தான் எல்லாம் இருந்தது. போட்டிருக்கிறது என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணிக்கு வழக்கம்போலக் கோபம் என்று முடித்துவிடுவார்கள். அவளுடைய மீட்டர் எடுத்துக்காட்டும்தான், ஆனால் அதுவரை இந்த அறையில் யார் காத்திருப்பார்கள்?

"திரை போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்தில் ஜன்னல் வழியாகத் தெருச் சத்தம் கேட்டது. ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஸ்லைடு போனையே வெறித்துக்கொண்டு நின்றார்.

"இல்லை அண்ணி" என்றான். "போடலை."

"போடு."

கண்ணாடி வில்லை உள்ளே சரியும் சின்ன ஓசை போனில் கேட்டது. சிவப்பு விளக்கு பட்டென்று அணைந்தது. சுவரில் எண் தடுமாறியது. இரண்டு. ஆறு. பத்து. பதினாலில் போய் நின்றதும் இயந்திரம் கூச்சல் போட்டது. ஸ்லைடு காதைப் பொத்திக்கொண்டார். அவள் பொத்தவில்லை. காலையிலிருந்து அந்த அறையில் நேர்மையாகப் பேசியது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

"இப்ப இதுக்கு என்ன அர்த்தம்?" என்று அதிகாரி கேட்டாள். "யாரோ நடுவுல இருக்காங்களா?"

"இழை கோணியிருக்கு. அப்படித்தான் நான் நினைக்கறேன். ஆனா நடுவுல ஆள் இருந்தாலும் இதே எண்தான் வரும். ரெண்டுல எதுன்னு இப்ப தெரியாது. தெரியாதப்ப சாவியை எறிஞ்சுடணும், அதுதான் இதோட வேலை."

"காலையிலேருந்து கொட்டுச்சே, அந்தச் சாவி?"

"குப்பை."

"யாராவது எடுத்திருப்பாங்களா?"

"அதுவும் தெரியாது மேடம். எடுத்திருந்தா இந்த அறையில ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. எல்லாரும் கை தட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்." "அதுக்குத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. அவன் திரையை மறந்தான். நான் கேக்க மறக்கல. கேக்க வாய் வந்துச்சு, வீம்புக்கு முழுங்கிட்டேன்."

அதிகாரி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டி, கையால் அழுத்திக்கொண்டாள். "இன்னைக்கு ஒண்ணும் அனுப்பப் போறதில்ல" என்று ஸ்லைடிடம் சொன்னாள். "திரும்ப வருவேனான்னு இப்ப சொல்ல முடியாது. வந்தா, அந்த டேப்பெல்லாம் இருக்கக் கூடாது."

அவளிடம் எதுவும் சொல்லவில்லை. பாராட்டவும் இல்லை. படியேறிப் போய்விட்டாள். ஸ்லைடோடு வந்தவர்கள் வெள்ளை உறை போட்ட நாற்காலிகளை ஓசைப்படாமல் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

"நாளையிலேருந்து ஸ்டோர்" என்றார் ஸ்லைடு. கத்தவில்லை, களைத்த மனிதரின் குரல். "அவனுக்கு என்னன்னு மேல முடிவு பண்ணுவாங்க."

"நாளைக்குத்தானே? இன்னைக்கு இந்த ரூம் என்னுது. வெளிய போங்க சார், வேலை இருக்கு."

அவர் போனார். போகும்போது, பழக்க தோஷமோ என்னவோ, சுவரில் ஓடிய படத்தை அணைத்துவிட்டுப் போனார். அவள் கருவி அடுக்கில் மிச்சம் இருந்த டேப்களை ஒவ்வொன்றாக உரித்து உருட்டி, மூலையில் எறிந்தாள். மின்கண்களை மூடினாள். மீட்டரை மாட்டினாள்.

"இருக்கியா?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்கேன் அண்ணி."

"முதல்ல ஜன்னல் ஓரத்து இழையை எடு. சுவத்தோட ஒட்டு. திரைச்சீலையை இழுத்து மூடு. வேடிக்கை பாத்தது போதும்."

டேப் கிழியும் சத்தம், நாற்காலி உரசும் சத்தம், எதிலோ இடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்ற சத்தம் எல்லாம் கேட்டன.

"ஒட்டிட்டேன்."

"நிமிர்ந்தது."

"அனுப்பறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி, நான் அவங்க முன்னாடி பொய் சொல்லியிருந்தா..."

"கையால கழுத்தை நெரிக்க முடியாத தூரத்துல இருக்கோமேன்னு வருத்தப்பட்டிருப்பேன். சரிஞ்சது அனுப்பு."

"என் வேலை போயிடும்."

"போகும்."

"உங்களுதும்..."

"அதுவும்தான். இப்ப முள்ளு எங்க நிக்குது தெரியுமா? பாதியில. பேசாம நிமிர்ந்ததை மறுபடி அனுப்பு."

முதல் காது, இரண்டாம் காது, மூன்றாம் காது. ஒன்றைப் படியவைத்தால் இன்னொன்று கிளம்பியது. திரும்ப முதலிலிருந்து. அவள் கைகள் கோபத்தில் நடுங்கத்தான் செய்தன. அந்த மட்டுக்கு அவன் சொன்னது பொய்யில்லை. நடுக்கம் அடங்கும்வரை விரல்களைத் தகட்டின் மேலேயே வைத்துக் காத்திருந்து, பிறகு மயிரிழை அளவு திருப்பினாள். காலையில் விட்டுப்போன அந்தக் கடைசிச் சுற்றையும், அதற்கு மேல் இன்னொன்றையும் சுற்றினாள். முள் இரண்டு சாய்வுக்கும் தரையோடு படுத்தது.

"இப்ப" என்றாள்.

அவன் குரலைச் செருமிக்கொண்டான். "திரை போட்டாச்சு."

அவள் மீட்டரை மொத்த வெளிச்சத்துக்கு மாற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். விழுந்திருந்தது. நம்பவில்லை. மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அண்ணி? இருட்டா?"

"சாயங்காலம் நேரா வீட்டுக்கு வா" என்றாள். "மிச்சத்தை நேர்ல திட்டணும். உங்க அண்ணன் நடுவுல வந்தா அவருக்கும் சேத்து."

"சரி அண்ணி."

"இருட்டு" என்றாள்.

கண்களைத் திறந்தாள். நாலு மின்கண்களும் விழித்தும் ஜோடி விளக்கு எரியவில்லை. சின்னத் திரையில் எண் மெதுவாக இறங்கி மூன்றுக்கு வந்து, அங்கேயே ஆடிக்கொண்டு நின்றது. பார்க்க யாரும் இல்லை. அவள் ஒரு வெள்ளை உறையை இழுத்துக் கீழே போட்டுவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வேலை நேரம் முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.